விமானப் புகைக்குக் கணக்கு முடிப்பது எப்படி: ஒரு பழைய வங்கிக்காரனின் வழிமுறை

மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து பிராங்பர்ட் வரை விமானத்திலும் அங்கிருந்து ரயிலிலும் போய்ப் பார்த்து வருகிறோம். அந்தப் பயணத்தில் நம் பங்குக்குக் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடை அதே அளவு திரும்ப எடுத்து, நூற்றாண்டுக் கணக்கில் வெளியே வராதபடி வைக்க ஒரு சாதாரண ஆள் பணம் கட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். விலை அதிகம், விற்பவர்களில் பல ரகம் உண்டு, காகிதம் பார்க்கத் தெரிய வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே கழித்தவன் என்பதால் காகிதம் பார்ப்பது எனக்குப் பழக்கம். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், "விமானக் கம்பெனியே ஏதோ கட்டுகிறதாமே" என்ற கேள்வியை முடித்துவிடலாம். பன்னாட்டு விமானங்களுக்காக ஐநாவின் விமானத்துறை அமைப்பு கொண்டுவந்த, விமானக் கம்பெனிகளை உமிழ்வுக்கு ஈடுகட்ட வைக்கும் கோர்சியா என்ற திட்டம் இந்தியாவுக்கு 2027 முதல்தான் கட்டாயம். அதிலும் 2019ஆம் ஆண்டு உமிழ்வில் 85 சதவீதத்துக்கு மேல் போகும் பகுதிக்கு மட்டுமே கணக்கு. ஐரோப்பாவின் கார்பன் சந்தையோ ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களைத்தான் பிடிக்கிறது. ஆக, சென்னையிலிருந்து பிராங்பர்ட் போகும் விமானத்தின் புகைக்கு 2026 வரை யாரும் கட்டாயமாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

டிக்கெட் போடும்போதே பாதி வேலை

காசு கட்டுவதைவிட மலிவான வழி, பயணத்தைச் சேர்த்துப் போடுவது. ஷெங்கன் சுற்றுலா விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். பேரன் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை பறப்பதற்குப் பதில், ஒரே தடவையாகப் போய் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வரலாம். பேறுகாலத்துக்குப் போகிறவர்கள் எப்படியும் அப்படித்தான் போகிறார்கள்.

அடுத்தது இருக்கை. பிசினஸ் வகுப்பில் ஓர் ஆள் அடைக்கும் இடம் எகானமியில் சுமார் மூன்று பேர் உட்காரும் இடம். அந்தப் புகையும் அவர் கணக்கில்தான் சேரும். மாப்பிள்ளை ஒருமுறை மைல் புள்ளிகளை வைத்து எங்களை மேல் வகுப்புக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். முழங்கால் வலியையும் மீறி வேண்டாம் என்றேன். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

எத்தனை டன்?

இணையத்தில் கணக்குப் போடும் தளங்கள் நிறைய உண்டு. ஒன்று 900 கிலோ என்னும், இன்னொன்று மூன்று டன்னுக்கு மேல் என்னும். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். நாமே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

சென்னைக்கும் பிராங்பர்ட்டுக்கும் நேர்வழித் தூரம் சுமார் 7,600 கிலோமீட்டர். போக வர 15,200. நீண்ட தூர விமானம் எகானமிப் பயணி ஒருவருக்கு 100 கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் எரிபொருள் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 456 லிட்டர். விமான எரிபொருள் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு 0.8 கிலோ. ஆக 365 கிலோ. ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 1,150 கிலோ. கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவருவதற்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் தலைக்கு 1.4 டன். இரண்டு பேருக்கு 2.8. நான் அதை மூன்று டன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான். உயரத்தில் விமானம் விட்டுப் போகும் வெண்கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனியாகச் சூடேற்றுகின்றன. 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வின்படி, விமானத்துறை இதுவரை ஏற்படுத்திய சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த மற்ற வகைகளால் வந்தது. அதனால்தான் சில கணக்குகள் கார்பன் அளவை இரண்டாலோ மூன்றாலோ பெருக்குகின்றன. கூகுள் ஃப்ளைட்ஸில் டிக்கெட் பக்கத்தில் தெரியும் எண்ணில் இந்த வெண்கோட்டுக் கணக்கு சேராது. ஒப்பிடும்போது அதை மறக்கக் கூடாது.

பெருக்குவதா வேண்டாமா? என் முடிவு இது. வெண்கோடு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கார்பன் டை ஆக்சைடில் கணிசமான பகுதி ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் காற்றில் இருக்கும். நிரந்தரமாக இருக்கும் பொருளுக்கு நிரந்தரமாக அடைத்து வைப்பதுதான் சரியான ஈடு. தற்காலிகச் சூட்டுக்கும் அதே விலை உயர்ந்த சரக்கை வாங்க வேண்டிய அவசியமில்லை. அதனால் மூன்று டன்னுக்கு நிரந்தர நீக்கம் வாங்குகிறேன். வெண்கோட்டுப் பங்குக்காக ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, எங்கள் பக்கத்துக் கண்மாயைத் தூர்வாரும் குழுவுக்குக் கொடுக்கிறேன். அதை எந்த டன் கணக்கிலும் எழுதுவதில்லை, அது வேறு நன்மை. முழுதாகப் பெருக்கித்தான் வாங்குவேன் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், தவறே இல்லை.

கட்டணப் பக்கத்தில் வரும் முந்நூறு ரூபாய்ப் பெட்டி

டிக்கெட் வாங்கி முடிக்கும்போது "உங்கள் பயணத்தின் உமிழ்வை ஈடுகட்டுங்கள்" என்று ஒரு சிறு பெட்டி வரும். சில நூறு ரூபாய்தான் கேட்கும். பெரும்பாலும் அது, எங்கோ ஒரு காட்டை வெட்டாமல் விட்டதற்கோ மரம் நட்டதற்கோ போகும் பணம். மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் காட்டுத்தீ வந்தாலோ நாளைக்கு யாராவது வெட்டினாலோ அந்தக் கார்பன் மீண்டும் காற்றுக்கே வந்துவிடும். வெட்டாமல் விட்ட கணக்கில் இன்னொரு சிக்கல்: வெட்டத்தான் போகிறார்கள் என்பதை யார் நிரூபிப்பது? 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்கள் பலவற்றைத் தவறாக வழிநடத்துபவை என்று தீர்ப்பளித்தது. மரம் நடுவதால் விமானத்தின் பாதிப்பு குறையும் என்ற வகை வாசகங்களும் அதில் அடக்கம்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஈடுகட்டல் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: உமிழ்வைத் தவிர்த்ததற்கான சான்றுகளிலிருந்து காற்றிலிருந்து நீக்கியதற்கான சான்றுகளுக்கு நகர வேண்டும், அதிலும் நெடுங்காலம் தங்கும் சேமிப்புக்கு நகர வேண்டும். நாம் வாங்கப் போவது அந்தக் கடைசி வகை.

சரக்கு மூன்று வகை

*கரி.* எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான் முதுகுளத்தூர் பக்கம் கிளை மேலாளராக இருந்தபோது கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் இலைதழையும் போட்டு மண்ணால் மூடித் தீ வைத்தால், காற்று சரியாகப் போகாமல் பல நாள் புகைந்து கரியாகும். அந்தக் கரி டீக்கடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஆலைக்கும் போய் எரிந்துவிடும். எரிந்தால் கார்பன் மறுபடி காற்றுக்குத்தான்.

அதே கரியை எரிக்காமல் மண்ணில் கலந்துவிட்டால்? அதுதான் பயோசார் என்கிற உயிர்க்கரி. செடி காற்றிலிருந்து இழுத்த கார்பனில் ஏறக்குறைய பாதி, நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத கட்டமைப்பாக மாறிவிடுகிறது. நல்ல கரி 400 கிலோ அளவுக்கு மண்ணுக்குள் போனால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போன கணக்கு. குஜராத்தில் வராஹா என்ற நிறுவனம் இதே சீமைக் கருவேலத்தை வைத்து உயிர்க்கரி செய்கிறது. அந்த நிறுவனத்திடம் 2030க்குள் ஒரு லட்சம் டன் நீக்கம் வாங்க கூகுள் 2025 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்த மரம் மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மண்மூட்டத்துக்கும் உலைக்கும் வித்தியாசம் இருக்கிறது. மண்மூட்டத்திலிருந்து வரும் வெள்ளைப் புகையில் மீத்தேன் உண்டு. கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு அது. உலையில் அந்தப் புகையை உள்ளேயே எரித்துவிடுவார்கள், அந்த வெப்பத்தையும் பயன்படுத்துவார்கள். ஆகவே கரித் திட்டம் வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எந்த மாதிரி உலை, புகைக்கு என்ன செய்கிறார்கள், கரி கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது. அதோடு ஆய்வக அறிக்கையில் ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள விகிதம் இருக்கும். 0.7க்கு மேல் இருந்தால் அது கணக்கில் சேராது. 0.4க்குக் கீழே இருந்தால் நன்றாக வெந்த கரி, நெடுங்காலம் தாங்கும்.

*பாறைத்தூள்.* தக்காணத்துக் கருங்கல்லான பசால்ட்டை மாவாக அரைத்து வயலில் தூவுகிறார்கள். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு கல்லோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறி, ஆறு வழியாகக் கடலுக்குப் போய் அங்கே பல்லாயிரம் ஆண்டு தங்கும். இயற்கையில் தானாக மெதுவாக நடப்பதை, அரைத்துப் போடுவதால் வேகப்படுத்துகிறோம், அவ்வளவுதான். சத்தீஸ்கரில் சிறு நெல் விவசாயிகளுக்கு இந்தத் தூளை இலவசமாகக் கொடுத்து வேலை செய்யும் மதி கார்பன் என்ற அமைப்பு, 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் கார்பன் நீக்கப் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. விவசாயிக்கு மண் சத்தும் கூடுகிறது. குறை என்னவென்றால் அளப்பது கடினம். மண் மாதிரியைத் தூவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட வேண்டும். எவ்வளவு கரைந்தது என்பது மண்ணைப் பொறுத்து, மழையைப் பொறுத்து மாறும். கல்லில் நிக்கல், குரோமியம் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். தூவிய தூளின் எடையை வைத்தே டன் கணக்குச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். மண்ணில் அளந்த கணக்கைக் கேளுங்கள்.

*காற்றிலிருந்து நேரடியாக உறிஞ்சுவது.* ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் பெரிய மின்விசிறிகளால் காற்றை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிரிக்கிறது. அதைக் கார்ப்ஃபிக்ஸ் என்ற கூட்டாளி நிறுவனம் தண்ணீரில் கரைத்து, பூமிக்கடியில் பசால்ட் பாறைக்குள் செலுத்துகிறது. அங்கே அது கல்லாகிவிடும். முதலில் நடந்த சோதனையில் செலுத்தியதில் 95 சதவீதம் இரண்டே ஆண்டுக்குள் கல்லானது என்று 2016இல் வெளியிட்டார்கள். அளப்பது சுலபம், நிரந்தரம் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் விலை டன்னுக்கு ஆயிரம் டாலரைச் சுற்றி. 2021இல் தொடங்கிய ஓர்கா ஆலையின் அறிவிக்கப்பட்ட திறன் ஆண்டுக்கு 4,000 டன், 2024இல் தொடங்கிய மம்மத்தின் திறன் 36,000 டன். இரண்டுமே இதுவரை அந்த அளவை எட்டவில்லை. எட்டினாலும், தினமும் 300 பேரோடு சென்னையிலிருந்து பிராங்பர்ட் போய்வரும் ஒரே ஒரு விமானம் ஆண்டு முழுக்க விடும் புகையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட மம்மத்தால் எடுக்க முடியாது. விமானம் எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த அளவுகோல் இதுதான்.

வில்லங்கம் பார்ப்பது

மனை வாங்குகிற மாதிரிதான் இதுவும். இடத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டால் போதாது. மூலப்பத்திரம் யார் பெயரில், அதே மனையை வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது என்று பார்க்காமல் யாரும் பணத்தை எண்ணுவதில்லை. கார்பன் சான்றிலும் ஒரே டன்னை இரண்டு பேருக்கு விற்க வழியுண்டு. அதைத் தடுக்கத்தான் பதிவேடுகள். பின்லாந்தில் தொடங்கிய பியூரோ, பிரிட்டனில் தொடங்கிய ஐசோமெட்ரிக் ஆகிய இரண்டும் நிரந்தர நீக்கத்துக்கான முக்கியப் பதிவேடுகள். இரண்டிலும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்த் திட்டங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நான் தலைகீழாகத்தான் போவேன். விற்பவரின் அழகான இணையதளத்திலிருந்து தொடங்காமல், பதிவேட்டில் போய்த் திட்டத்தின் பெயரைத் தேடுவேன். தணிக்கை அறிக்கை இருக்கிறதா, எத்தனை டன் வழங்கப்பட்டிருக்கிறது, எத்தனை ஏற்கெனவே பயன்படுத்தி முடிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு அந்தத் திட்டத்தைச் சில்லறையாக விற்பவரிடம் வருவேன். வராஹா, மதி போன்றவர்கள் பெரிய நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான டன்னாக விற்பவர்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கிலோ கணக்கில் பிரித்துத் தருவது இடைத்தரகுத் தளங்கள். கிளைம்வொர்க்ஸ் மட்டும் தனிநபர்களுக்கு நேரடியாகவும் விற்கிறது.

பணம் கட்டும் முன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்:

"நான் வாங்கும் டன் ஏற்கெனவே நீக்கப்பட்டதா, இனிமேல் நீக்கப்படப் போவதா? இனிமேல் என்றால் எந்த ஆண்டுக்குள்? அந்தத் தேதி தவறினால் பணம் திரும்ப வருமா, வேறு திட்டத்திலிருந்து ஈடு தருவீர்களா? எந்தப் பதிவேடு, திட்டத்தின் எண் என்ன? என் பெயரில் கணக்கு முடித்து (அதாவது மறுபடி யாருக்கும் விற்க முடியாதபடி பதிவேட்டில் மூடி), வரிசை எண்ணோடு சான்று தருவீர்களா? நான் கட்டும் தொகையில் திட்டத்துக்கு எவ்வளவு போகிறது, உங்களுக்கு எவ்வளவு?"

முதல் கேள்விதான் உயிர்க்கேள்வி. இந்தச் சந்தையில் இதுவரை விற்றதில் பெரும்பகுதி வருங்காலச் சரக்கு. கைக்கு வந்து சேர்ந்தது சிறு பகுதிதான். பெரிய கம்பெனிகள் வருங்காலச் சரக்கை வாங்குவதில் நியாயம் உண்டு, அந்தப் பணத்தில்தான் ஆலையே கட்டுகிறார்கள். ஓய்வூதியக்காரன் அப்படி வாங்க வேண்டியதில்லை. நீக்கி முடித்த டன் கரித் திட்டங்களில் தாராளமாகக் கிடைக்கிறது.

கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் மழுப்பினால் நான் அங்கே வாங்குவதில்லை. தரகு வாங்குவது தப்பில்லை, எவ்வளவு என்று சொல்லாததுதான் தப்பு.

பணம் கட்டுவது

விலை மாறிக்கொண்டே இருக்கும். பொதுவாகக் கரி டன்னுக்கு 100 முதல் 200 டாலர் வரை, பாறைத்தூள் 300 டாலரை ஒட்டி, ஐஸ்லாந்து வகை ஆயிரத்தை ஒட்டி. எங்கள் மூன்று டன்னுக்கு இரண்டு டன் கரியும் ஒரு டன் பாறைத்தூளும் என்று பிரித்தேன். கரி 150, தூள் 350 என்று சில்லறை விலையில் போட்டால் 650 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்றால் 58,500. இதோடு கார்டுச் செலவு சேரும். பல வங்கிகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 61,000 ரூபாய்க்கு ஒட்டி வரும். இரண்டு பேருக்கான டிக்கெட் விலையோடு சேர்த்துப் பார்த்தால் கணிசமான தொகைதான். மகளும் மாப்பிள்ளையும் பாதி தருகிறார்கள், அவர்களைப் பார்க்கத்தானே போகிறோம்.

முழுத் தொகையும் முடியாது என்றால் டன்னைக் குறைத்து வாங்குங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். 500 கிலோ கரி வாங்கினால் 500 கிலோ உண்மையாகவே மண்ணில் இருக்கும்.

சில நடைமுறைத் தொல்லைகள். யுபிஐ வேலை செய்யாது. வங்கிச் செயலியில் போய் கார்டுக்கு வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையைத் திறந்துவிட வேண்டும், முடிந்ததும் மூடிவிட வேண்டும். மாதச் சந்தாவாகச் சேரச் சொல்வார்கள். நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுத் தானியங்கிப் பிடித்தம் அடிக்கடி தடுக்கப்படும், பிறகு "உங்கள் கட்டணம் தோல்வி" என்று மின்னஞ்சலாக வந்து குவியும். ஒரே தடவையாகக் கட்டிவிடுவதுதான் நிம்மதி. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கார்டில் கட்டச் சொல்லி, நாணய மாற்றுச் செலவை மிச்சப்படுத்தலாம். வருமான வரியில் 80ஜி விலக்கு கிடைக்காது. இது நன்கொடை அல்ல, கொள்முதல்.

சான்று வந்ததும் அதிலுள்ள வரிசை எண்ணைப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். கணக்கு முடிந்தது என்ற நிலை தெரிய வேண்டும், பயனாளி என்ற இடத்தில் உங்கள் பெயரோ தரகுத் தளத்தின் பெயரோ இருக்க வேண்டும். கிலோ கணக்கில் வாங்கினால் தரகர் பல பேருடைய கிலோக்களைச் சேர்த்து முழு டன்னாக முடிப்பார், அதற்குச் சில வாரம் ஆகலாம். மூன்று மாதமாகியும் வரிசை எண் வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். எனக்கு ஒரு தளத்திலிருந்து பச்சை இலை படம் போட்ட நன்றி அட்டை மட்டும் வந்தது. எண் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. கார்டு நிறுவனத்தில் முறையீடு போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினேன். அதற்குக் கால வரம்பு உண்டு, ஆகவே கட்டிய தேதியையும் மின்னஞ்சல்களையும் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் வீட்டில் போர்டிங் பாஸோடு சேர்த்துச் சான்றையும் ஒரே உறையில் போட்டு வைக்கிறோம். உறையின் மேல் பயண மாதம், டன், பதிவேட்டின் பெயர், வரிசை எண். வருங்காலச் சரக்காக வாங்கியது ஏதாவது இருந்தால் தரவேண்டிய ஆண்டைச் சிவப்பு மையில் எழுதிவிடுவேன். அந்த உறைகளைப் புத்தாண்டில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, தேதி தாண்டியவற்றுக்கு மின்னஞ்சல் அனுப்புவது என் மனைவியின் பொறுப்பு. என்னைவிடக் கறாராகக் கேட்பது அவர்தான்.